முனியையா முதுகில் உளித்தடம்

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அய்யா எழுதுவது.

நீ நன்றாக இருப்பதாக அம்மாவிடம் தினமும் சொல்கிறாய். நானும் அதை நம்புவதாகவே வைத்துக்கொள்வோம். நேற்றுப் போனில் நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "முனியையா கல்லுல நீ கை வச்சியா தாயி?" இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? நீ என்ன சொன்னாய்? "நான் எதுக்குய்யா அங்கன போகப்போறேன், வேலிக்கு உள்ள பொம்பளைக போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா, என்கிட்ட உளியே கெடையாது, ஆமா, நீங்க பிரஷர் மாத்திரை போட்டீகளா?" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, சிரித்து, நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டாய். உளி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். அதைத்தான் நீயும் செய்தாய். அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் உன் அம்மா இதைப் படம் எடுத்து உன் வாட்ஸப்புக்கு அனுப்புவாள். அனுப்புவதற்கு முன் அவளும் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும்.

உன் அப்பன் யார் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே ஓடிய அரசுப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகனாகவே தலை நரைத்தவன். உச்சிப்புளியில் ஏறினால் மண்டபம் வருவதற்குள் வண்டியில் யார் டிக்கெட் எடுத்தவர், யார் எடுக்காதவர் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எடுத்தவன் என்னைக் கண்டதும் எரிச்சலோடு சட்டைப் பையைத் தடவுவான். எடுக்காதவன் மட்டும்தான், "என்ன சார், இந்தப் பக்கம் ரொம்ப நாளா காணோம்" என்று என் சுகத்தை விசாரிப்பான். என் மாத்திரையைப் பற்றி நீ கேட்டபோது எனக்கு அந்த முகங்கள்தான் ஞாபகம் வந்தன. பணி ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. தராசில் கட்டைவிரல் வைக்கிறாரோ என்று மளிகைக்கடைக்காரரையும், குறி சொல்லும்போது ஒரு கண்ணைத் திறந்து கூட்டத்தை எண்ணுகிறாரோ என்று பூசாரியையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இதெல்லாம் பெருமை இல்லை. பழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நான் நம் குலசாமி முனியையா முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். என் வீட்டார் யாரும் அந்தக் கல்லில் கை வைக்கவில்லை என்று பங்காளிகள் எல்லோரும் பார்க்கச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வீறாப்பில் நானே சொன்ன வார்த்தை அது. எப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன், அந்தக் கல்லுக்கும் உனக்கும் எப்படி உறவு ஏற்பட்டது என்பதை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கல்லில் வாழும் பூஞ்சையைப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளில் எனக்கு வந்த முதல் சந்தேகம், நம் மாவட்டத்தில் கல் எங்கே இருக்கிறது என்பதுதான். மணல் இருக்கிறது, உப்பு இருக்கிறது, உடைமரம் இருக்கிறது. கல் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். அப்படி வந்த கல்லை நம் ஆட்கள் சும்மா விடுவதில்லை. ஒன்று துணி துவைப்பார்கள், இல்லையென்றால் கும்பிடுவார்கள். நீ விடவில்லை. கடற்கரைச் சாலை நெடுக என் டி.வி.எஸ்ஸின் பின்னால் உட்கார்ந்துகொண்டு மைல்கல்லையும் கிணற்றடிக் கல்லையும் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தச் சொன்னாய். கீழக்கரையில் ஒரு பழைய வீட்டு வாசல்படியில் நீ மண்டியிட்டு, கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா கதவை அரைவாசி திறந்து, "யாரு வாப்பா நீங்க? வீட்டை அளக்க வந்தீங்களா? கேஸு கோர்ட்டுல கெடக்கு, தெரியும்ல?" என்று என்னைக் கேட்டார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. கல்லையே உற்றுப் பார்க்கிறவர்களை யார் நம்புவார்கள்? அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆதார் அட்டையைக் கேட்டிருப்பேன். கடைசியில் அவரே ரோஸ்மில்க் கொடுத்து அனுப்பினார், அது வேறு. ஆனால் நாம் தெரு முனை திரும்பும்வரை வாசலிலேயேதான் நின்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நீ அடுக்களைக்குள் போய் மசாலா டப்பாவிலிருந்து கல்பாசியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாய். கறிக்குழம்பில் கிடந்தால் நான் ஓரமாக ஒதுக்கி வைக்கிற அந்தக் கறுத்த சருகு. அது செடி இல்லை என்றாய். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடும்பம் நடத்துகிற ஓர் உருவம், பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும், பாசி வெயிலைப் பிடித்துச் சோறாக்கிப் போடும் என்றாய். இத்தனை காலம் பூஞ்சையைத்தானா காசு கொடுத்து வாங்கித் தின்றோம் என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் கணக்கு புரிந்தது. வீடு ஒருவர், சோறு ஒருவர். ஒழுங்கான ஏற்பாடு. பிறகு நீ போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாய். வெறும் கல்லின் மேல் கடுகைவிடச் சிறிய கறுப்புப் பொட்டுகள். இதுதான் நான் படிப்பது என்றாய். அதுவும் பூஞ்சைதானாம். பொத்தல் விழுகிற வெயிலிலும் உப்புக் காற்றிலும், மண்ணில்லாத மொட்டைக் கல்லில், காற்றில் வருகிற தூசி தும்பைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்குமாம். அந்தக் கறுப்புத்தான் அதற்குக் குடையாம். "அப்ப இதுக்குப் பாசி கூட்டு கெடையாதா?" என்று கேட்டேன். "சிலதுக்குப் பக்கத்துல பாசி இருக்கும்ய்யா. சிலதுக்கு இருக்காது. இருந்தாலும் சேந்து வாழுதா, சும்மா ஒதுங்கியிருக்கான்னு சொல்ல முடியல" என்றாய். பூஞ்சை என்றும் தள்ள முடியவில்லை, கல்பாசி வகை என்றும் சேர்க்க முடியவில்லை, படித்தவர்களே அதை எந்தப் பக்கம் வைப்பது என்று முழிக்கிறார்கள் என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஜந்துவைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கேட்டால் தனியாள் என்னும், பார்த்தால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும். இப்படிப்பட்டவர்களை எத்தனை பேருந்தில் பார்த்திருக்கிறேன்! "டிக்கெட் அவங்ககிட்ட இருக்கு சார்" என்று கையை நீட்டுவார்கள். அந்த அவங்களைக் கேட்டால் "இவர் யாருன்னே தெரியாது" என்பார்கள்.

முனியையா முதுகில் இருந்த கறையும் அதே பொட்டுகள்தான் என்று கண்டுபிடித்தது நான்தான். அதையும் நீ மறந்திருக்க மாட்டாய். வேலிக்குள் பெண்கள் வரக் கூடாது என்பதால், நான் உள்ளே போய், கல்லின் மேற்கே பார்த்த பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வந்து உன்னிடம் காட்டினேன். முன்பக்கம் முழுக்க எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும். பின்பக்கத்தில் எதுவும் படுவதில்லை, சாயங்கால வெயிலைத் தவிர. படத்தைப் பார்த்ததும் உன் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் வந்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை. "எண்ணெய் படாத கல்லு, எத்தனை தலைமுறையா யாரும் தேய்க்காத கல்லு, இது மாதிரி எங்கயும் கெடைக்காதுய்யா" என்றாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

அதே பொட்டுகளை வைத்துத்தான் பங்காளிகளுக்குள் பல காலமாகப் புகைச்சல் இருந்தது. என் சித்தப்பா மகன், உனக்குச் சித்தப்பா, வேலுச்சாமி இருக்கிறானே, எவனோ கழிவு ஆயிலைத் தெளித்துச் சாமியை அசிங்கப்படுத்திவிட்டான் என்பதுதான் அவன் கட்சி. எவனோ என்று சொல்லும்போது நம் வீட்டைப் பார்ப்பான். டிப்பர் லாரி வைத்திருப்பவன் அவன், கழிவு ஆயில் இருப்பதும் அவனிடம்தான், அதனால் நான் அவனைப் பார்ப்பேன். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று அவன் கூட்டத்தில் சொன்னபோது நீ வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "அது ஆயில் இல்ல சித்தப்பா, உசுரோட இருக்கு, பூஞ்சை" என்று சத்தம் போட்டாய். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கேட்ட கேள்வியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. "ஏத்தா, எங்க முனியையாவ என்ன ஊசிப்போன இட்லின்னு நெனச்சியா?" ஆனால் அன்று நான் சிரிக்கவில்லை. உனக்காகப் பேசினேன். உயிருள்ளது எதையும் ஆசிட் ஊற்றிக் கொல்லக் கூடாது, முனியையா தானாக வைத்துக்கொண்டதை நாம் ஏன் பிடுங்க வேண்டும் என்றேன். வயதானவர்கள் தலையாட்டினார்கள். ஆசிட் பேச்சு அதோடு நின்றது. வேலுச்சாமியின் கறுவல் நிற்கவில்லை.

நீ வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு, பந்தல்கால் நட ஆட்கள் வேலிக்குள் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. முனியையா முதுகில், முழங்கால் உயரத்தில், விரல் நகம் அளவுக்குக் கல் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. கூட்டம் கூடியது. "பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு வேலியச் சுத்தி வந்தது யாரு வீட்டுப் புள்ளைன்னு ஊருக்கே தெரியும்ணே" என்றான் வேலுச்சாமி. அத்தனை பேர் முகமும் என் பக்கம் திரும்பியது. வாழ்நாளெல்லாம் அடுத்தவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவனை நடுவில் நிற்க வைத்தால் எப்படி இருக்கும்? "ஏலே, என் வீட்டுல யாரும் தொடல. வெள்ளிக்கெழம சூடம் அணைக்கிறேன், அன்னைக்கு வந்து பேசு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது எனக்கு உன் மேல் சந்தேகமே இல்லை. சந்தேகம் எல்லாம் வேலுச்சாமி மேல்தான். முதல் பொங்கல் வைக்கும் மரியாதை நம் வீட்டுக்கு இருக்கிறது, அதைத் தட்டிப் பறிக்கத் தானே உடைத்துவிட்டு நம் தலையில் கட்டுகிறான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பூசாரியைச் சந்தேகப்பட்டேன். தாயத்துக்குள் வைத்து விற்றிருப்பாரோ என்று.

மறுநாள் உச்சி வெயிலில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து, நீ வீட்டில் விட்டுப்போன லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். துப்புத் துலக்கி வேலுச்சாமியை மாட்ட வைப்பதுதான் நோக்கம். பின்பக்கம் குந்தி உட்கார்ந்து கண்ணை வைத்தேன். முதல் பார்வையிலேயே புரிந்துவிட்டது தாயி. வேலுச்சாமி உடைத்திருந்தால் கடப்பாரையால் உடைத்திருப்பான், பாதிச் சாமி போயிருக்கும். பூசாரி என்றால் கைக்கு எட்டும் உச்சியில் தட்டியிருப்பார். இது ஓரம் சிதறாமல், சின்ன உளி வைத்து, பொறுமையாக எடுத்த சில்லு. எடுத்த இடமும், கறுப்புப் பொட்டுகள் நெருக்கமாக, நாலாபுறமும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இருந்த இடம். அதன் அருமை ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள்தான் எனக்கு ஒருமுறை சொன்னாள், இவை வளர்வதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும், ஒரு பொட்டு பரவுவதைப் பார்க்க ஒரு ஆயுசு பத்தாது என்று. அப்படியென்றால் அந்த வெள்ளைத் தழும்பு நான் சாகும்வரை அப்படியே இருக்கும், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் தெரியும். அப்பன் கடிதமென்றால் புத்திமதி ஒன்றாவது இருக்க வேண்டுமல்லவா, எழுதிக்கொள்: எடுப்பதாக இருந்தால் சீக்கிரம் முளைக்கும் இடத்தில் கை வை. வெந்தயக்கீரைப் பாத்தியில் பறித்திருந்தால் மறுவாரம் யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் லென்ஸை மட்டும் மேசை மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவே இல்லை. "நாந்தான் குடை பிடிச்சேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "வெயிலா இருந்துச்சு. புள்ள குனிஞ்சு உக்காந்து கொத்துச்சு. நான் குடை பிடிச்சுக்கிட்டு ஆள் வருதான்னு பாத்தேன்." வேலிக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாத கோயிலில், ஒருத்தி உளியோடு, ஒருத்தி குடையோடு! நான் கோபத்தில் கத்தினேன் என்று நீ நினைப்பாய். கத்த வரவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டேன். உன் அம்மா சொன்னாள், "சொன்னா டிக்கெட் கேப்பீக. நீங்க வீட்டுக்குள்ளயும் செக்கிங்குதானே வாரீக." எனக்கு அது வலித்தது. உளி முனியையா முதுகில் பட்டதைவிட இது என்மேல் ஆழமாகப் பட்டது என்று வைத்துக்கொள். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

இப்போது என் நிலைமையைப் பார். ஊர் அறிய வார்த்தை கொடுத்தாகிவிட்டது. அணைத்தால் பொய்ச் சத்தியம். பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டு விளக்கு அந்தச் சூடம்போலவே அணைந்துபோகும் என்பது நம் ஆட்கள் நம்பிக்கை. நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். முனியையா மேலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு தீபாவளிக்கு முன் நம் ஆட்டைத் திருடியவன் இன்றுவரை குத்துக்கல்லாட்டம் இருக்கிறான், இவர் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் என் வீட்டில் இருக்கிற விளக்கு ஒன்றே ஒன்றுதான், அதுவும் இப்போது பனி கொட்டுகிற ஊரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறது. முனியையா இருக்கிறாரா இல்லையா என்று பரீட்சை செய்து பார்க்க உன்னைப் பணயம் வைக்க மாட்டேன் தாயி. என் வீறாப்பு எக்கேடு கெட்டும் போகட்டும். வெள்ளிக்கிழமை நான் சூடம் அணைக்கப் போவதில்லை.

பிறகு என்ன சொல்லப் போகிறேன் என்றுதானே கேட்கிறாய்? நம் கூட்டத்தில் பிழைப்புத் தேடித் தூரம் போனவர்கள் எல்லோரும் போகும்போது இங்கே இருந்து பிடிமண் எடுத்துப் போனவர்கள்தான். சாமியிடம் கேட்டு, அவர் காலடியில் ஒரு பிடி மண்ணை எடுத்து, போன இடத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. "எம் மக பிடிமண் எடுத்துட்டுப் போயிருக்கு" என்று நான் சொல்லப் போகிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஏது பிடிமண், கட்டிக்கொடுத்தால் அவள் புருஷன் வீட்டுச் சாமிக்குச் சொந்தம் என்று வேலுச்சாமி குதிப்பான். அது என்ன மண்ணா, கல்லைத்தானே கொத்தினாள் என்று இன்னொருவன் கேட்பான். முதல் பொங்கல் மரியாதையைப் பிடுங்குவார்கள். கோயில் வரியும் வாங்காமல் தள்ளி வைத்தாலும் வைப்பார்கள். வைக்கட்டும். நான் வேலிக்கு வெளியே உன் அம்மாவோடு நின்று கும்பிட்டுக்கொள்கிறேன், அங்கிருந்தும் அவர் தெரியத்தான் செய்கிறார்.

ஆனால் கேட்டு எடுத்தால்தான் பிடிமண். இதில்தான் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கேட்டாயா என்று உன் அம்மாவிடம் விசாரித்தேன். "செருப்பைக் கழட்டிட்டுத்தான் போச்சு. கொத்துறதுக்கு முன்னால என்னமோ முணுமுணுன்னு சொல்லுச்சு, எனக்குக் கேக்கல" என்றாள். முனியையாவிடம் உத்தரவு கேட்டாயா, இல்லை உன் ஆராய்ச்சிக்கு ஏதாவது நம்பர் போட்டுச் சொல்லிக்கொண்டாயா? உன்னை வளர்த்தவன் என்கிற முறையில் இரண்டுக்குமே வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதை நான் நோண்டப் போவதில்லை. என் உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு ஆளை டிக்கெட் கேட்காமல் விடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடு. அந்தச் சில்லு முழுவதையும் அரைத்து, கரைத்து, பரிசோதனை என்று தீர்த்துவிட்டாயா? தீர்ந்திருந்தால் வெள்ளிக்கிழமை நான் சொல்லப்போவதும் பொய்தான். ஒரு நெல் அளவாவது மிச்சம் இருந்தால் அதை டப்பாவுக்குள் பூட்டி வைக்காதே, உன் அறை ஜன்னலில் வெயில் படுகிற பக்கமாக வை. பூவெல்லாம் வேண்டாம், வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் போதும். வைத்ததும் படம் எடுத்து அனுப்பு, நான் வேலிக்குள் போவதற்கு முன் எனக்கு வந்து சேர வேண்டும். கல்லை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் நம்ப மாட்டேன், கல் எங்கேயும் கிடைக்கும். பக்கத்தில் உன் முகமும் தெரிய வேண்டும்.

அய்யா